கேளிக்கைக் கருவிகளும் கேட்பாரற்ற உதிரிபாகங்களும்

தலைநகர் தில்லியில் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு 2025 ஜூன் மாதம் காவல்துறையின் கையிலிருந்து விலகியது. நீச்சல்குளம், உணவகம், தங்கும் விடுதி, கலையரங்கம் உள்ளிட்ட ஏழு வகைத் தொழில்களுக்கு இனி காவல்துறையின் உரிமம் தேவையில்லை என்றும், மாநகராட்சி முதலிய அமைப்புகளே அதனைக் கவனிக்கும் என்றும் துணைநிலை ஆளுநரின் உத்தரவு அறிவித்தது. குற்றங்களைத் தடுக்க வேண்டிய காவலர்கள் ராட்டினத்தின் திருகாணிகளைச் சோதித்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், காவலர் பார்க்காததை இனி யார் பார்ப்பார்? அதைவிட அடிப்படையான மற்றொரு கேள்வியும் உண்டு. இதுவரை அவர் எதைப் பார்த்தார்?

உரிமம் தருபவர் பார்ப்பது பெரும்பாலும் காகிதங்களையும் பெரிய அமைப்பையும்தான். நிலம் யாருடையது, தீயணைப்புத் துறையின் சான்று உள்ளதா, வெளியேறும் வழி எத்தனை என்பன அவர் முன் உள்ள கேள்விகள். அவை தேவையான கேள்விகளே. ஆயினும், கேளிக்கைக் கருவியில் ஏறும் குழந்தையின் பாதுகாப்பு, பல வேளைகளில் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத ஓர் உதிரிபாகத்தை நம்பியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றுதான், டிராம்போலின் எனப்படும் துள்ளுமேடைகளில் எலாஸ்டிக் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கவ்வி.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் நிசென், லாரி கிரிஸ்வோல்டு ஆகிய இருவர் 1930-களில் வடிவமைத்த துள்ளுமேடை, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் போட்டிப் பிரிவாகவே இடம்பெற்றது. இந்தியாவில் அது விளையாட்டாக வளர்ந்ததைவிடக் கேளிக்கையாகப் பரவியதே அதிகம். பெருநகர வணிக வளாகங்களில் அதற்கென்றே தனிக் கூடங்கள் இருக்கின்றன. வீட்டு மொட்டைமாடியில் வைக்கும் சிறு வட்ட மேடைகள் இணைய விற்பனையில் கிடைக்கின்றன. உடற்பயிற்சிக் கூடங்களிலும் அவை இடம்பிடித்துவிட்டன.

மேடையின் நடுவிலுள்ள விரிப்பைச் சுற்றிலும் உள்ள இரும்பு வளையத்தோடு இணைப்பவை முன்பெல்லாம் எஃகுச் சுருள்வில்கள். அவற்றின் ஓசையையும், விரல் சிக்கிக் கொள்ளும் ஆபத்தையும் தவிர்ப்பதற்காக, பல வடிவங்களில் எலாஸ்டிக் கயிறு பயன்படுத்தப்படுகிறது. மெல்லிய ரப்பர் இழைகளைக் கட்டாகச் சேர்த்து, மேலே செயற்கை நூலுறை போர்த்திய கயிறு அது. கயிற்றின் முனையை வளையத்தோடு இறுக்கிப் பிடிக்கும் வேலையைப் பல வடிவங்களில் பிளாஸ்டிக் கவ்வி செய்கிறது. ஒரு சிறிய மேடையில் முப்பது, நாற்பது இணைப்புகள் இருக்கக்கூடும். பொருளின் விலையில் கவ்வியின் பங்கு மிகச் சொற்பம். பாதுகாப்பில் அதன் பங்கு அப்படியல்ல.

இழுத்தால் மெலியும் கயிறு

இந்தக் கவ்வியின் வேலை தோன்றுவதைவிடக் கடினமானது. ரப்பரை இழுத்தால் அது நீள்வதோடு மெலியவும் செய்கிறது. அதன் கன அளவு ஏறத்தாழ மாறாமல் இருப்பதே காரணம். இரு மடங்கு நீளத்துக்கு இழுக்கப்பட்ட கயிற்றின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரப்பர்க் கயிறு, அந்த நிலையில் சுமார் 5.7 மில்லிமீட்டராக இளைத்துவிடும். அதாவது, குழந்தை மேலிருந்து விழுந்து சுமை உச்சத்தை எட்டும் நொடியில்தான் கவ்வியின் பிடியிலுள்ள கயிறு மெலிந்து நழுவப் பார்க்கிறது. எப்போது பிடி மிக அவசியமோ, அப்போதுதான் பிடி தளர்கிறது.

இதற்குத் தீர்வாகக் கவ்வியை அளவுக்கு மீறி இறுக்கினால், அதன் பற்கள் நூலுறையை அறுத்து ரப்பர் இழைகளைச் சேதப்படுத்தும். இழுக்க இழுக்கத் தானே இறுகும் ஆப்பு வடிவம், கயிற்றை வளைத்து மடக்கிப் பிடிக்கும் வடிவம் என்று பொறியாளர்கள் பல வழிகளைக் கண்டிருக்கிறார்கள். எந்த வழியானாலும், கவ்வியின் அளவு, பற்களின் கூர்மை, பிளாஸ்டிக்கின் தன்மை ஆகிய மூன்றும் கணக்குப் பார்த்து அமைந்திருக்க வேண்டும். ஏதோ ஓர் அச்சில் வார்த்த ஏதோ ஒரு துண்டு அந்த வேலையைச் செய்துவிடாது.

சுமை ஒருமுறை வந்து போவதும் அல்ல. நிமிடத்துக்கு 40 துள்ளல், நாளொன்றுக்கு 5 மணி நேரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு நாளில் 12,000 முறை, ஒரு மாதத்தில் 3.6 லட்சம் முறை அந்தக் கவ்வி இழுபடுகிறது. ஒரே இழுப்பில் உடையாத பிளாஸ்டிக், லட்சக்கணக்கான இழுப்புகளில் சோர்ந்து விரிசல் விடும். அந்த விரிசல் பெரும்பாலும் கயிறு படும் உட்புறத்தில் தொடங்குவதால் வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

இதனோடு தட்பவெப்பமும் சேர்ந்து கொள்கிறது. வட இந்தியக் கோடையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாள்கள் அரிதல்ல. வெயிலில் நிற்கும் இரும்பு வளையம் அதையும் விஞ்சிச் சுடும். அந்த வெப்பத்தில் இழுவிசைக்கு உட்பட்டிருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நெகிழ்ந்து உருமாறும். புற ஊதாக் கதிர் அதனை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கும். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரில் வெடிப்புகளை உண்டாக்கும். கதிரைத் தாங்கும் கலவையைச் சேர்த்த பிளாஸ்டிக் இவற்றைச் சில ஆண்டுகள் எதிர்த்து நிற்கும். செலவைக் குறைக்கப் பழைய பிளாஸ்டிக்கைக் கணக்கின்றிக் கலந்து உருக்கி வார்த்த கவ்வியோ, நிறத்திலும் தோற்றத்திலும் அதைப் போலவே இருந்து, ஒரே கோடையில் கைவிட்டுவிடலாம்.

சிறிய ரப்பர்ப் பொருளும் வெப்பநிலையும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1986 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் மாண்டனர். உந்துகலத்தின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் மீள்தன்மையை இழந்ததே அதற்குக் காரணமாயிற்று. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், அந்த ரப்பர்த் துண்டை ஒரு சிறு கவ்வியால் இறுக்கிப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி எடுத்து அனைவர் முன்னிலையிலும் காட்டினார். கவ்வியைத் தளர்த்திய பிறகும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. விண்வெளித் துறைக்கே அந்தப் பாடம் தேவைப்பட்டது எனில், கேளிக்கைத் துறை தனக்கு அது வேண்டாம் என்று கூற முடியாது.

கவ்வி மட்டுமா காரணம்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். துள்ளுமேடையில் நேரும் காயங்களுக்குப் பெரும்பாலும் கருவியின் பழுது காரணமல்ல. பயன்படுத்தும் முறையே காரணம். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்களின் அமைப்பு 2012-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் குதிக்கும்போதே சுமார் 75 சதவீதக் காயங்கள் நேர்வதாகக் கூறியது. வீட்டில் கேளிக்கைக்காக இதைப் பயன்படுத்துவதையே அந்த அமைப்பு ஊக்குவிப்பதில்லை. ஆகவே, கவ்வியைச் சரிசெய்துவிட்டால் விபத்தே நேராது என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால், இரு வகை ஆபத்துகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உள்ளது. இரண்டு குழந்தைகள் ஒன்றாகக் குதிப்பதைத் தாய் பார்க்கலாம், தடுக்கலாம். கவ்வியின் உட்புற விரிசலை அவர் பார்க்க முடியாது. ஒரு கவ்வி விட்டுப்போனால் அதன் சுமை அடுத்தடுத்த கவ்விகளின் மேல் ஏறும். அவையும் தொடர்ந்து விடலாம். விரிப்பு ஒருபுறம் சரிந்து, குழந்தை இரும்பு வளையத்தின்மீது விழலாம். இழுபட்ட கயிறு விடுபட்டுச் சாட்டையைப் போல் வீசும்போது கண் பறிபோகும் அபாயமும் உண்டு. பெற்றோரின் கண்காணிப்புக்கு எட்டாத இடத்தில்தான் அரசின் கண்காணிப்பு தேவைப்படுகிறது. எட்டும் இடத்தில் மட்டும் எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டு ஒதுங்குவது பொறுப்பாகாது.

பொம்மையா, சாதனமா?

சட்டத்தின் பார்வையில் துள்ளுமேடை என்னவென்று கேட்டால் விடை எளிதில் கிடைக்காது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருள்கள் அனைத்துக்கும் தர முத்திரையைக் கட்டாயமாக்கும் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-இல் பிறப்பித்தது. 2021 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதன்கீழ் வரும் ஐ.எஸ். 9873 தரத்தின் 4-ஆவது பகுதி ஊஞ்சல், சறுக்குமரம் போன்றவற்றைப் பற்றியது. ஆனால், அது வீட்டுப் பயன்பாட்டுக்கானவற்றுக்கே உரியது. கட்டணம் வசூலித்து நாளெல்லாம் இயக்கப்படும் கூடத்துக்கு வீட்டுப் பொம்மையின் அளவுகோல் போதாது.

கேளிக்கைச் சாதனம் என்று கொண்டால் விவகாரம் மாநிலத்துக்குப் போகிறது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், விளையாட்டும் கேளிக்கைகளும் மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனத்தில் உள்ளன. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குகளுக்குத் தரம் நிர்ணயிப்பதோ மத்தியப் பட்டியலின் 51-ஆவது இனம். கருவி மத்திய அரசின் வட்டத்திலும், அது இயங்கும் கூடம் மாநிலத்தின் வட்டத்திலும் இருக்கின்றன. கருவியைக் கூடத்தில் பொருத்தி, பழுதானால் கடைத்தெருவில் வாங்கிய ஏதோ ஒரு கவ்வியை மாட்டி ஓட்டும் கட்டம் இரண்டு வட்டங்களுக்கும் இடையே விழுந்துவிடுகிறது.

இந்த இடைவெளியின் விலை என்ன என்பதை நாடு பலமுறை கண்டுவிட்டது. சென்னை தாம்பரம் அருகே உள்ள பூங்காவில் 2016 மே மாதம் ராட்டினச் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். ஆமதாபாத் காங்கரியாவில் 2019 ஜூலையில் ஊசல் ராட்டினம் முறிந்து விழுந்ததில் உயிர்கள் பறிபோயின, பலர் காயமடைந்தனர். மொகாலியில் 2022 செப்டம்பரில் உயரத்திலிருந்து ராட்டினம் அப்படியே கீழே விழுந்தது. தில்லி கபஷேரா பகுதிப் பூங்காவில் 2025 ஏப்ரலில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயதுப் பெண் இறந்தார். இவற்றில் எதுவும் துள்ளுமேடை விபத்தல்ல. ஆயினும், ஒவ்வொன்றுக்குப் பின்னும் வழக்கு, கைது, விசாரணைக் குழு, இழப்பீடு, மறதி என்ற ஒரே வரிசைதான் தொடர்கிறது. ராஜ்கோட் விளையாட்டுக் கூடத் தீ விபத்தில் 2024 மே மாதம் குழந்தைகள் உள்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே, கேளிக்கைக் கூடங்களுக்கான விரிவான விதிகளைக் குஜராத் அரசு வரையத் தொடங்கியது. உயிர்ப்பலிக்குப் பிறகு விதி எழுதுவது நிர்வாக வழக்கமாகிவிட்டது.

சமையலறை கற்றுத் தந்த பாடம்

உதிரிபாகத்துக்கெல்லாம் அரசு தரம் நிர்ணயிக்க முடியுமா என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும். எரிவாயு அடுப்பின் ரப்பர்க் குழாய்க்குத் தனித் தரம் உண்டு. அதில் முத்திரை உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற அறிவுரை உண்டு. பிரஷர் குக்கருக்கு ஒரு தரம், அதன் ரப்பர் வளையத்துக்கு வேறொரு தரம் என்று இந்திய தர நிர்ணய அமைவனம் வகுத்து வைத்திருக்கிறது. குக்கர் வெடித்தால் என்ன ஆகும் என்பதை உணர்ந்ததால்தான் வளையத்தின்மீதும் கவனம் விழுந்தது. குழந்தையின் முதுகெலும்பு அதைவிடக் குறைந்த கவனத்துக்கு உரியதல்ல.

உலக அளவிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. வீட்டுத் துள்ளுமேடைகளுக்கு ஐரோப்பாவில் இ.என். 71 தரத்தின் 14-ஆவது பகுதி இருக்கிறது. துள்ளுமேடைக் கூடங்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 23659 என்ற சர்வதேசத் தரம் 2022-இல் வெளிவந்தது. அவற்றை இந்தியத் தட்பவெப்பத்துக்கேற்ப மாற்றி அமைப்பதுதான் இங்குள்ள வேலை. புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

சட்ட அடிப்படையும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, பொதுநலன் கருதி எந்தப் பொருளுக்கும் தர முத்திரையைக் கட்டாயமாக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குள் பொருளின் பாகங்களைச் செய்பவரையும், பிறர் செய்த பாகங்களைச் சேர்த்துப் பொருத்துபவரையும், பிறர் செய்த பொருளில் தன் பெயரை அச்சிடுபவரையும் சேர்த்துவிட்டது. அதாவது, கவ்வியை வார்த்தவரும் பொறுப்பாளியே. ஆனால், கவ்வியில் பெயரும் இல்லை, மாதமும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை எனில், பொறுப்பாளியைத் தேடுவது எங்கே? யார் செய்தது என்றே தெரியாத பொருளுக்கு எதிராக நுகர்வோர் நீதிமன்றப் படியேறுவது வீண் வேலை.

சிறு தொழிலின் கவலை

இதற்கு எதிரான வலுவான வாதம் சிறு தொழில் முனைவோரிடமிருந்து வருகிறது. அதைப் புறக்கணிக்கக் கூடாது. பவானா, நரேலா போன்ற தொழிற்பேட்டைகளில் ஓரிரு வார்ப்பு இயந்திரங்களை வைத்துப் பிழைப்பவருக்குச் சொந்த ஆய்வகமும் உரிமக் கட்டணமும் பெரும் சுமை. தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் மூலப்பொருளின் விலையை ஏற்றிவிட்டன என்ற புகாரை ஏற்று, பிளாஸ்டிக் மூலப்பொருள்கள் உள்ளிட்ட சிலவற்றுக்கான ஆணைகளை மத்திய அரசு 2025 நவம்பரில் திரும்பப் பெற்றது. ஆணைகளைக் குறைக்கும் காலத்தில் புதிதாக ஒன்றைக் கேட்பதா என்ற முணுமுணுப்பு எழுவது இயல்பு.

மூலப்பொருளுக்கான கட்டுப்பாடும் உயிர் காக்கும் பாகத்துக்கான கட்டுப்பாடும் ஒன்றல்ல என்பதே இதற்கு விடை. பிளாஸ்டிக் மணிகள் எங்கிருந்து வந்தாலும் கவலையில்லை. அவற்றிலிருந்து வார்த்த கவ்வி சுமையைத் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. பொம்மைத் தொழிலில் மிகச் சிறு நிறுவனங்களுக்குச் சொந்த ஆய்வகம் வைப்பதில் அமைவனம் கால அவகாசம் அளித்த முன்னுதாரணம் உண்டு. 1968-இல் சென்னையில் தொடங்கப்பட்டு, இன்று நாடெங்கும் மையங்கள் கொண்டுள்ள சிப்பெட் நிறுவனத்துக்குப் பிளாஸ்டிக்கைச் சோதிக்கும் ஆற்றலும் அனுபவமும் உண்டு. அந்த மையங்களில் சலுகைக் கட்டணத்தில் சோதனை செய்ய வழி செய்தால், நேர்மையாகத் தொழில் செய்யும் சிறு உற்பத்தியாளருக்குத் தரமே விளம்பரமாகும். இன்றைய நிலையில் நல்ல கவ்வி செய்பவரும் மட்டமான கவ்வி செய்பவரும் ஒரே விலைக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது. அதில் தோற்பவர் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

வெறும் ஆணை மட்டும் போதாது என்பதும் உண்மை. பொம்மைகள் ஆணை நடைமுறைக்கு வந்து இரண்டாண்டு கழிந்த பிறகும், 2023 ஜனவரியில் அமைவனத்தின் அதிகாரிகள் பெரிய வணிக வளாகங்களிலும் விமான நிலையக் கடைகளிலும் நடத்திய சோதனைகளில் முத்திரையற்ற 18,600 பொம்மைகள் பிடிபட்டன. பெரிய கடைகளிலேயே இந்த நிலை எனில், திருவிழா மைதானத்தில் ஒரு மாதம் நின்று அடுத்த ஊருக்கு நகரும் கருவியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, கட்டணத்துக்கு இயக்கப்படும் துள்ளுமேடைகளுக்கும் அவற்றின் எலாஸ்டிக் கயிறு, கவ்வி ஆகியவற்றுக்கும் அமைவனம் தனித் தரம் வகுக்க வேண்டும். மீண்டும் மீண்டும் இழுக்கும் சோதனை, வெயிலில் வாட்டும் சோதனை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு கவ்வியிலும் செய்தவர் அடையாளமும், தயாரித்த மாதமும், மாற்ற வேண்டிய ஆண்டும் வார்ப்பிலேயே பதிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக, கூடங்களுக்கான விதியை அந்தந்த மாநிலமே இயற்ற வேண்டும். மத்திய அரசு மாதிரி விதியைத் தரலாம். மாநிலத்தின் அதிகாரத்தைத் தன் கைக்கு மாற்றிக் கொள்ள இதை ஒரு சாக்காக்கக் கூடாது. அதே வேளையில், அதிகாரம் தன்னுடையது என்று சொல்லும் மாநிலம் அதற்குரிய பொறுப்பையும் ஏற்க வேண்டும். தகுதி பெற்ற பொறியாளர் குறித்த காலத்தில் சோதித்து, எந்தப் பாகம் எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்ற பதிவேட்டில் கையொப்பமிட்டால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்ற நிலை வர வேண்டும்.

மூன்றாவதாக, அந்தப் பதிவேட்டின் சுருக்கம் நுழைவாயிலில் எல்லோரும் படிக்கும் மொழியில் ஒட்டப்பட வேண்டும். கட்டணப் பலகைக்கு இடமிருக்கும் சுவரில் கடைசியாகச் சோதித்த தேதிக்கு இடமில்லாமல் போகாது.

தில்லியில் உரிமப் பொறுப்பு ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு மாறியிருக்கும் இந்தக் கட்டம் அதற்கு நல்ல வாய்ப்பு. பழைய படிவத்தில் காவல்துறை என்ற சொல்லை அடித்துவிட்டு மாநகராட்சி என்று எழுதுவதோடு இந்த மாற்றம் முடிந்துவிடக் கூடாது. படிவத்தில் கூடுதலாக ஒரு பக்கம் சேர்க்கப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாகங்களுக்கான பக்கம் அது. அந்தப் பக்கத்தை நிரப்பும் வேலையை அடுத்த விபத்தின் விசாரணைக் குழுவுக்கு விட்டுவைப்பதா, இன்றே தொடங்குவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் ஆட்சியில் இருப்பவர்கள்தாம்.